போனவர்களின் பெயரைச் சொல்லுங்கள்

கருங்குழி
26.4.2021

அன்புத் தம்பி இருசப்பனுக்கு,

அக்கா சம்பூர்ணம் எழுதுகிறேன். உடம்பு திடமாக இருக்கிறது. வாயும் அப்படியேதான் இருக்கிறது. நீ, உன் வீட்டுக்காரி வரலட்சுமி, மகள் பிரியங்கா மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? சதுரங்கப்பட்டினத்தில் இந்தக் கொரோனா எந்த மட்டில் இருக்கிறது?

எங்கள் முதியோர் இல்லத்தின் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். பார்க்க யாரும் வரக் கூடாதாம். நீ ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்காதே. கடிதம் மட்டும் வரும். அதையும் ஒரு நாள் மதில் மேல் கல் வைத்துக் காயப் போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். போனில் செய்தி அனுப்பாதே. எனக்குக் காது கேட்காததால் எல்லாம் மானேஜர் போனுக்குத்தான் வருகிறது. அவர் படித்துப் பார்த்து, எனக்கு எது நல்லதென்று அவருக்குத் தோன்றுகிறதோ அதை மட்டும் காட்டுவார்.

காது போனாலும் இத்தனை நாள் பிறர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லோரும் முகக்கவசம். என் அறையில் இருக்கும் ரெஜினா டீச்சர்தான் யார் என்ன பேசினாலும் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். அவர் இல்லையென்றால் எனக்கு இங்கே ஒன்றும் விளங்காது.

எதிர் அறையில் செங்கல்வராயன் என்று ரயில்வேக்காரர் ஒருவர் இருந்தார். கேரம் ஆடும்போது முழங்கையால் காயை நகர்த்துவார். போன வாரம் இருமல் என்று ஆம்புலன்சில் ஏற்றிப் போனார்கள். நேற்று அவர் கட்டிலைக் கழுவி வெயிலில் சாய்த்திருந்தார்கள். எங்கே அவர் என்று கேட்டேன். மானேஜர் வாசுதேவன் சொன்னதை ரெஜினா எழுதிக் காட்டினார்: "பையன் வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரும்மா."

நான் செங்கல்வராயனின் அலமாரியைக் காட்டினேன். "வூட்டுக்குப் போறவரு பல் செட்ட டம்ளர்லயே வுட்டுட்டா போவாரு? அங்க போயி இன்னாத்த வெச்சி மெல்லுவாரு?"

வாசுதேவன் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் விடப் போவதில்லை.

உன் பதிலுக்காக மதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா சம்பூர்ணம்


சதுரங்கப்பட்டினம்
5.5.2021

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இருசப்பன் எழுதுவது. உன் வாய் திடமாக இருப்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. உடம்பையும் பார்த்துக்கொள்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் ஓய்வில் கிடக்கின்றன. நான் சின்ன பைபர் போட்டில் கரைக்குப் பக்கத்தில் போய் வருகிறேன். பிடித்த மீனை வாங்கத்தான் ஆள் இல்லை. நம் தெருவில் தொற்று என்று இரண்டு வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள்.

வரலட்சுமிக்கு மூன்று நாளாக ஜுரம். சாதாரண ஜுரம்தான். படுத்த இடத்திலிருந்தே அதிகாரம் பண்ணுகிறாள். "அண்ணிய இங்க இட்டுகினு வந்துடு. அங்க ஏன் தனியா கெடக்கணும்? நான் பாத்துக்க மாட்டனா?" என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அக்கா, மானேஜரிடம் சண்டை போடாதே. வயதானவர்கள் இருக்கிற இடத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தால் பயத்திலேயே பாதிப் பேர் போய்விடுவார்கள். அவர் நல்லதுக்குத்தான் மறைக்கிறார்.

வரலட்சுமியும் பிரியங்காவும் உன்னை விசாரித்தார்கள்.

உன் தம்பி,
இருசப்பன்


கருங்குழி
14.5.2021

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். வரலட்சுமியின் ஜுரம் விட்டதா? அவளையே இரண்டு வரி எழுதச் சொல். அவள் எழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியும். அவள் கூப்பிட்டதற்குச் சந்தோஷம். ஆனால் வர மாட்டேன். என்னை யாரும் இங்கே கொண்டுவந்து தள்ளவில்லை. என் பென்ஷனில், என் இஷ்டத்தில் வந்தேன். பக்கத்துக் கட்டில் காலியாகிறது என்று பயந்து ஓடினால் ரெஜினாவுக்கு யார் இருக்கிறார்கள்?

நீ மானேஜர் கட்சி என்று தெரிந்துகொண்டேன். கேள். இதுவரை நான்கு கட்டில் வெயிலுக்குப் போய்விட்டது. ஒருவர் மகள் வீட்டுக்குப் போனாராம், ஒருவர் வேறு இல்லத்துக்கு மாறினாராம். தினமும் காலையில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே, யார் குறைகிறார்கள் என்று தேடுவதற்காகத்தான். சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. பூபாலன் என்று ஒருவர், தன் பெயரைத் தானே சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "நான் போனா நீங்க யாராவது தேடணும்ல?" என்கிறார்.

எங்களைத் தேற்றுவதற்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் டி.வி.யில் வருகிறாள். தங்கமான பெண். மூச்சை இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள் என்கிறாளாம். நாங்கள் மூச்சை இழுத்து விடும்போது ஜன்னலுக்கு வெளியே கட்டிலைக் கழுவுகிறார்கள்.

வாசுதேவன் அறைக்கே போய்க் கேட்டேன். "பெரியவங்க மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு டிரஸ்டுல ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்காங்கம்மா" என்றார்.

"எங்க மனசு இன்னா கண்ணாடி டம்ளரா? புருசன குடுத்துட்டு வந்தவங்க கீறோம், புள்ளய குடுத்துட்டு வந்தவங்க கீறோம். சுனாமில எங்க தெருவுல ஒரே நாள்ல எத்தினி பேரத் தூக்கனோம் தெரியுமா? அப்ப உடையாதது இப்ப உடையுமா?" என்றேன். என் குரல் எனக்குக் கேட்காது. ரெஜினா காதைப் பொத்திக்கொண்டதிலிருந்து சத்தமாகத்தான் பேசியிருக்கிறேன் என்று தெரிந்தது.

வரலட்சுமியின் இரண்டு வரியை மறக்காதே.

அக்கா சம்பூர்ணம்


சதுரங்கப்பட்டினம்
2.6.2021

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுத நாளாகிவிட்டது. எல்லோரும் நலம். வரலட்சுமிக்கு ஜுரம் விட்டுவிட்டது. கை நடுக்கம் இருப்பதால் அவளால் எழுத முடியவில்லை. பிரியங்காதான் சமைக்கிறாள். நான் கடலுக்குப் போவதில்லை.

வேறு விசேஷம் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

இருசப்பன்


கருங்குழி
10.6.2021

அன்புத் தம்பிக்கு,

என்ன இது, தந்தி மாதிரி நாலு வரி? வரலட்சுமியின் கை நடுக்கத்துக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? ஜுரத்துக்குப் பிறகு அப்படித்தான் இருக்கும். முட்டை கொடு. நீ ஏன் கடலுக்குப் போகவில்லை? உனக்கு உடம்பு சரியில்லையா? ஒளிக்காமல் எழுது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ரெஜினாவுக்கு ஜுரம் வந்து, மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது. படியில் இறங்கும்போது சிலேட்டை என் கையில் கொடுத்து, அதில் "சாப்பிடு" என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாள் வாசுதேவனிடம் கேட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் "ரெஜினா நன்றாக இருக்கிறார்" என்று எழுதிக் கொடுத்தார். செங்கல்வராயனுக்கும் இதைத்தான் முதலில் சொன்னார். அதற்கு மறுநாள் ஆயா சங்கரி வந்து ரெஜினாவின் சேலைகளைப் பையில் போட ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னவோ சொன்னாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் கலங்கியிருந்தது.

தம்பி, எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. அவர் போய்விட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன். போனவரை நினைத்து அழவும் முடியவில்லை, இருக்கிறார் என்று காத்திருக்கவும் முடியவில்லை. இப்படியே விட்டால் நாளைக்கு என்னையும் "தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்" என்று சொல்லி என் கட்டிலைக் கழுவுவார்கள்.

முப்பது வருஷம் சத்துணவுக்கூடம் நடத்தியவள் நான். ஆக்கிய சோறு மிஞ்சினால் அதிகாரிகள் எப்படிப் பதறுவார்கள் என்று எனக்குத் தெரியும். நேற்று மத்தியானம் சங்கரி சோறு போட வந்தபோது என் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். எழுந்து நின்று சொன்னேன்: "ஆஸ்பத்திரிக்குப் போனவங்க உசுரோட கீறாங்களா இல்லையான்னு பேரு பேராச் சொல்லட்டும். அப்பறம் துன்னலாம்."

 முதலில் பூபாலன் தன் தட்டைக் கவிழ்த்தார். அவரைப் பார்த்து அடுத்த மேசை. எனக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் மேசை அதிர்ந்துகொண்டே இருந்தது. வாசுதேவன் ஓடிவந்து கும்பிட்டார். சர்க்கரை உள்ளவர்களைக் காட்டினார். அவர்களுக்கு நானே என் பிஸ்கெட்டைப் பிட்டுக் கொடுத்தேன். போராட்டம் என்றால் ஆளைக் கொல்வதா? மற்றவர்கள் இரண்டு வேளை தாங்கினோம்.

இன்று காலை பதில் சொல்வதாக அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். வந்ததும் எழுதுகிறேன். இதைச் சங்கரியிடம் தபாலுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

தட்டைக் கவிழ்த்த உன் அக்கா,
சம்பூர்ணம்


கருங்குழி
22.6.2021

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் தாமதமா, நீ தாமதமா? வரலட்சுமி கை எப்படி இருக்கிறது?

அன்றைக்கு வாசுதேவன் வந்தார். எங்களுக்கு ரொம்ப தூரத்தில், வாசல்படியில் போய் நின்றார். முகக்கவசத்தைக் கழற்றினார். எனக்காகத்தான் தம்பி. உதட்டைப் பார்த்து நான் படிக்க வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு பெயராக நிறுத்திச் சொன்னார். செங்கல்வராயன். முனிசாமி. இன்னும் மூன்று பேர். எல்லோரும் இறந்துவிட்டார்கள். சொல்லி முடித்தபோது அவர் வாய் கோணிப் போயிருந்தது. இத்தனை நாளாக ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து தகவல் சொன்னது அவர்தானாம். "உங்ககிட்ட மறைச்சதுல எனக்கும் அழ ஒரு இடம் இல்லாமப் போச்சும்மா" என்றார்.

கடைசியாக, "ரெஜினா டீச்சர் உயிரோட இருக்காங்க" என்றார்.

ஒருவர்கூட நம்பவில்லை! பூபாலன் எழுந்து போய்விட்டார். நானும்தான் நம்பவில்லை. பொய்யே சொல்லிப் பழகிய வாயிலிருந்து நல்ல சேதி வந்தாலும் அது எங்களுக்குச் சாவுச் சேதியாகத்தான் விழுந்தது. அப்போதுதான் வாசுதேவனுக்கு உறைத்தது. அறையைக் கழுவத்தான் சங்கரி சேலைகளை எடுத்தாள் என்பதையும் வார்டில் இருக்கும் நர்சிடம் சொல்லி, ரெஜினாவையே எழுதவைத்து, அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து வாங்கிக் காட்டினார். "சம்பூர்ணம், இன்னும் என் சேலையை யாரும் எடுக்கக் கூடாது" என்று எழுதியிருந்தது. அதே எழுத்து. கூடம் முழுக்கக் கை தட்டினார்கள்.

நேற்று ரெஜினா திரும்பி வந்துவிட்டார். இளைத்துப் போயிருக்கிறார். தனி அறையில் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாகச் சிலேட்டைக் காட்டுகிறார்.

இப்போது சாயங்காலம் டீக்குப் பிறகு எல்லோரும் தள்ளித் தள்ளி உட்காருகிறோம். யாராவது போயிருந்தால் வாசுதேவன் பெயரைச் சொல்வார். தெரிந்தவர்கள் அவரைப் பற்றிப் பேசுவோம். செங்கல்வராயனின் கள்ளாட்டத்தைச் சொல்லிச் சிரித்தோம், பிறகு அழுதோம். அன்று ராத்திரி எல்லோரும் தூங்கியதாகச் சங்கரி சொன்னாள். நீ சொன்ன மாதிரி பயத்தில் யாரும் போய்விடவில்லை.

ஜெயித்துவிட்டோம் தம்பி. வெளியுலகத்திலிருந்து எனக்கு வருவது உன் கடிதம் ஒன்றுதான். நீ எழுதுவதை நான் அப்படியே நம்புகிறேன். அதனால் சீக்கிரம் எழுது.

அக்கா சம்பூர்ணம்


சதுரங்கப்பட்டினம்
4.7.2021

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் முடியவில்லை.

வரலட்சுமி போய்விட்டாள். மே மாதம் 19ஆம் தேதி. ஜுரம் விடவே இல்லை. கை நடுக்கம் என்று எழுதியது பொய்.

"அத்தைக்கு வயசாயிடுச்சிப்பா. அங்க தனியா கீறாங்க. தாங்க மாட்டாங்க. கேட்டு தொறந்தப்பறம் நேர்ல போயி சொல்லிக்கலாம்" என்று பிரியங்கா சொன்னாள். அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. உனக்கு எழுதும்போது வரலட்சுமி நன்றாக இருக்கிறாள் என்று எழுதினேன். எழுதிய அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் அப்படியே தோன்றியது.

திட்டு.

இருசப்பன்


கருங்குழி
9.7.2021

இருசப்பா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. நலம் விசாரிக்கவும் மாட்டேன். ஒன்றரை மாதமாகச் செத்தவளை நலம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். முட்டை கொடு என்று எழுதினேனே, அதைப் படித்தபோது உனக்கு எப்படியடா இருந்தது?

அவளுக்காக நான் அழ வேண்டிய நாட்களில் ஜெயித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களை எனக்கு யார் திருப்பித் தருவது? நான் தாங்க மாட்டேன் என்று சொல்ல நீங்கள் யார்? அம்மா போனபோது உனக்கு நடக்கவே தெரியாது. தூக்கி வளர்த்தவள் நான். அன்றைக்குத் தாங்கினேன் இல்லையா?

கடிதத்தைப் படித்ததும் மதிலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் கூடத்தில் நான்தான் பெயரைச் சொன்னேன். "வரலட்சுமி. என் தம்பி பொண்டாட்டி" என்றேன். அவளை ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அவளைப் பற்றிக் கேட்டார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே குழம்புக்குப் புளி எவ்வளவு என்று என்னோடு சண்டை போட்டாள் என்றும், அதில் தோற்றது நான் என்றும் சொன்னேன். நான் அழுது முடிக்கிற வரைக்கும் ஒருவரும் எழுந்து போகவில்லை. சங்கரி என்னைத் தொடக் கூடாது என்பது சட்டம். தொட்டாள்.

பிரியங்காவிடம் சொல்: அத்தை உடையவில்லை. அத்தைக்குக் கோபம்தான்.

இப்போது நீ எனக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டும். அவள் கடைசியாக என்ன பேசினாள், யார் பக்கத்தில் இருந்தார்கள், முகம் எப்படி இருந்தது. எனக்குத் தாங்குமா என்று யோசித்து எதையும் வெட்டாதே. அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

சம்பூர்ணம்


சதுரங்கப்பட்டினம்
17.7.2021

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நான் சாப்பிடுகிறேன், நடக்கிறேன். நீ கேட்டதை எழுதுகிறேன்.

மே 16 காலையில் அவளுக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் வந்தது. நான் அவசரத்தில் கட்டியிருந்த லுங்கியோடு ஏறப் போனேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இந்த லுங்கியோட வர்ற? போயி வேட்டி கட்டிக்கினு வா. ஆஸ்பத்திரில லுங்கிய பாத்தா எவன் மதிப்பான்?" என்றாள். நான் உள்ளே ஓடிப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். ஒருத்தர்தான் கூட வரலாம் என்று பிரியங்காவை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது. என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

பைக்கில் பின்னாலேயே போனேன். உள்ளே விடவில்லை. மூன்று நாள் வெளியே மரத்தடியில் இருந்தேன். பிரியங்கா மாடியிலிருந்து கையை ஆட்டுவாள். 19ஆம் தேதி விடியற்காலையில் கையை ஆட்டவில்லை. அப்படியே நின்றாள்.

வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. வண்டி நேராகச் சுடுகாட்டுக்குப் போனது. அவளை நன்றாகச் சுற்றியிருந்தார்கள். வெள்ளை உடுப்பில் இருந்த ஒரு ஆள் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணாத்த, கிட்ட வராத. அங்கயே நில்லு. ஒரு நிமிசம் தொறக்கறேன், பாத்துக்கோ" என்றான். திறந்தான். மூக்குத்தி இருந்தது. வாய் மூடியிருந்தது. அவள் தூங்கும்போது வாயைத் திறந்துகொள்வாள், உனக்குத் தெரியுமே. அதனால் தூங்குகிறாள் என்றுகூட நினைக்க முடியவில்லை.

தெருவில் பயத்தில் ஒருவரும் வாசலைத் தாண்டவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேளம் இல்லை, அழுகை இல்லை. நானும் இன்னும் அழவில்லை அக்கா. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வேறு எதையும் மறைக்கவில்லை.

தம்பி இருசப்பன்


கருங்குழி
24.7.2021

அன்புத் தம்பிக்கு,

இந்த முறை அன்பு என்று எழுத வருகிறது. ரெஜினாவும் நானும் நலம். உன் கடிதத்தைக் கூடத்தில் படித்துக் காட்டினேன். வேட்டி மாற்றப் போன இடம் வந்ததும் பூபாலன் சிரித்துவிட்டார். அடுத்த நொடி முகத்தைப் பொத்திக்கொண்டார். நானும் அப்படித்தான். கடைசி மூச்சிலும் உன்னை மரியாதையாக நிற்கவைக்கப் பார்த்திருக்கிறாள்.

ஆகஸ்டு முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நான் சதுரங்கப்பட்டினம் வருகிறேன். இதை நான் யாரிடமும் கேட்கவில்லை, எல்லோருக்கும் அறிவித்தேன். வெளியே போனால் டிரஸ்டு ஒப்புக்கொள்ளாது, திரும்பி வந்தால் இரண்டு வாரம் தனி அறை என்று வாசுதேவன் சிலேட்டில் எழுதினார். "ரெண்டு மாசம்னாலும் இருக்கேன். போவாம இருக்க மாட்டேன்" என்றேன். சிலேட்டைத் துடைத்துவிட்டு, "வேன் காலை ஆறு மணிக்கு. டிரஸ்டுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று எழுதினார்.

பந்தல் போடாதே, படையல் வைக்காதே. தெருவில் பயப்படுகிறவர்கள் அவரவர் வாசலிலேயே நிற்கட்டும், கிட்டே வர வேண்டாம். பிரியங்கா மட்டும் என் பக்கத்தில் உட்காரட்டும். அந்தப் பெண் மூன்று நாள் ஒற்றை ஆளாக நின்றிருக்கிறாள். அவளை யாரும் இன்னும் கட்டிப் பிடித்திருக்க மாட்டீர்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நான் ஆரம்பிக்கிறேன். நீயும் கூடச் சேர்ந்துகொள். கடற்கரை மண்ணில், பட்டப்பகலில், வாய்விட்டு அழுவோம். வரலட்சுமி என்று ஒருத்தி இருந்தாள், போய்விட்டாள் என்று குப்பம் முழுவதும் கேட்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரும்,
உன் அக்கா சம்பூர்ணம்